தனியாக ஆன்சைட் ஐடி வேலை: முதலில் யாருக்கு பில் போடுவது?

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் கான்ஃபிகர் செய்யலாம். ஆனால் கெட்டுப்போன ஸ்விட்சைக் கழற்றி, புதியதை ரேக்கில் ஏற்றி, கன்சோல் கேபிளைச் செருகி, 'சரி, இப்போது பாருங்கள்' என்று சொல்வதற்கு அந்த ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டு சப்போர்ட் நிறுவனங்களும் சரி, இங்கே மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் சிஸ்டம் இன்டக்ரேட்டர்களும் (மற்ற நிறுவனங்களுக்குக் கணினியும் நெட்வொர்க்கும் அமைத்துத் தருபவர்கள்) சரி, ஊருக்கு ஊர் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை. தேவைப்படும்போது வெளியாளைக் கூப்பிடுகிறார்கள். அந்த வெளியாளாக நாமே தொழில் தொடங்கினால் என்ன என்று நம் பிள்ளைகள் பலர் யோசிக்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்து, அலுவலகங்கள் கணினிகளை மாற்றக் கிளம்பியதும் அந்த யோசனைக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு ஏறியது.

யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'என்டர்பிரைஸ் (தனியாள் வியாபாரப் பதிவு) போடுவதா, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) போடுவதா?' என்றுதான். அதற்கான பதில் கீழே இருக்கிறது. ஆனால் தொழில் நிற்பதோ கவிழ்வதோ அந்தக் காகிதத்தில் இல்லை. பில் யார் பெயருக்குப் போகிறது, உங்களுக்கும் கடைசி வாடிக்கையாளருக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள், பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் இருக்கிறது. ஆகவே அதையே முதலில் ஒப்பிடுவோம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. இப்போது 5,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி போடும் 13 விழுக்காடு, அதாவது 650 வெள்ளி, சம்பளச் சீட்டில் உங்கள் பணம்போல் தெரிவதில்லை. ஆனால் உங்கள் பணம்தான். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), மருத்துவ அட்டை, ஆண்டு விடுப்பு, பொது விடுமுறை எல்லாம் அதன்மேல். தனித்தொழிலில் பொது விடுமுறைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அன்றைக்குத்தான் அலுவலகம் காலியாக இருக்கும் என்று வேலை வைப்பார்கள். தைப்பூசத்தன்று பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போக வேண்டியவர் சர்வர் அறைக் குளிரில் நின்றுகொண்டிருப்பார்.

சம்பளம், சேமநிதி, சொந்தக் காப்புறுதி, பெட்ரோல், கருவிகளின் தேய்மானம் எல்லாம் சேர்த்தால் அதே வாழ்க்கையை வாழ மாதம் 7,000 வெள்ளியாவது பில் போட வேண்டும். மாதம் முழுக்க வேலை கிடைக்காது. விலைப்புள்ளி கொடுப்பது, பில் துரத்துவது, சும்மா காத்திருப்பது போக 14 நாள் பில் போட முடிந்தாலே நல்ல மாதம். ஆக ஒரு நாளைக்கு 500 வெள்ளி. இது என் கணக்கு; உங்கள் வீட்டுச் செலவுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எண் எதுவாக இருந்தாலும் அதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு வழியையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனமா, உள்ளூர் நிறுவனமா

வெளிநாட்டு ஃபீல்டு சர்வீஸ் நிறுவனங்களுக்கு வேலை செய்வதில் கவர்ச்சி அதிகம். டாலரிலோ யூரோவிலோ பணம், மின்னஞ்சலில் வேலை, தலைக்கு மேல் முதலாளி கிடையாது. ஆனால் அந்தச் சங்கிலி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஐரோப்பாவில் ஒரு நிறுவனம், கோலாலம்பூரில் அதற்கு ஒரு சின்னக் கிளை. கணினி வேலை முழுவதையும் அது ஓர் அவுட்சோர்சிங் நிறுவனத்திடம் கொடுத்திருக்கும். அவர்கள் ஆன்சைட் வேலையை மட்டும் பிரித்து ஃபீல்டு சர்வீஸ் நிறுவனத்துக்குக் கொடுப்பார்கள். அவர்களிடம் மலேசியாவில் ஆள் இல்லையென்றால் வட்டாரத் துணைக் குத்தகையாளர் ஒருவரிடம் போகும். அவர் உங்களைக் கூப்பிடுவார். ஒவ்வொரு படியிலும் ஒரு வெட்டு. அதைவிட மோசம், ஒவ்வொரு படியிலும் 30, 45, 60 நாள் என்று ஒரு தவணை. மேலே இருப்பவர் பணம் தந்தால்தான் உங்களுக்குத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அந்தத் தவணைகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். ஒப்பந்தம் வந்தால் முதலில் தேட வேண்டிய வரி அதுதான். விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

விலையிலும் ஒரு மாயம் உண்டு. பேச்சுக்கு, மணிக்கு 120 வெள்ளி, குறைந்தது இரண்டு மணி நேரம் என்று டிக்கெட், அதாவது ஒரு வேலைக்கான அழைப்பு, வருகிறது. நல்ல விலை மாதிரிதான் தெரியும். பூச்சோங்கில் இருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறீர்கள். எல்டிபி நெடுஞ்சாலை நெரிசல், கேஎல்சிசி பக்கம் அடித்தளப் பார்க்கிங், லோடிங் பேயில் பெயர் எழுதுவது, வருகையாளர் அட்டை. பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டட மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார். மேலே போனால் தூரத்தில் இருந்து கான்ஃபிகர் செய்யும் எஞ்சினியர் இன்னும் தொலைபேசி அழைப்பில் வந்து சேரவில்லை. அவர் வந்த பிறகு வேலை அரை மணி நேரம்தான். அப்புறம் 'எல்லாம் சரியாக ஓடுகிறதா பார்க்கிறோம், கொஞ்சம் இருங்கள்' என்று இன்னொரு காத்திருப்பு. சைன்-ஆஃப் (வேலை முடிந்தது என்ற கையெழுத்து) வாங்கி வீடு திரும்பும்போது மணி இரண்டு. ஆறு மணி நேரத்துக்கு 240 வெள்ளி. பார்க்கிங், டோல், பெட்ரோல் போனால் 200. அன்றைக்கு இன்னொரு டிக்கெட் எடுக்கவும் நேரமில்லை. மேசையில் ஒட்டியிருக்கும் 500-ஐ ஒருமுறை பாருங்கள்.

அதனால் மணிக்கணக்கில் விலை பேசாதீர்கள் என்பேன். அரை நாள், முழு நாள் என்று இரண்டே விலை. தூரத்து எஞ்சினியருக்காகக் காத்திருந்தால் தனிக் கட்டணம். நீங்கள் போய் நின்ற பிறகு வேலை ரத்தானால் அரை நாள் கட்டணம். இரவுக்கும் விடுமுறைக்கும் ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு. பார்க்கிங்கும் டோலும் ரசீதுப்படி. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் ஒரு காசு பெயராது.

டாலர் வருமானம் என்பதும் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளி வரை போனது. 2025 முடிவில் 4.10-க்கும் கீழே இறங்கிவிட்டது. விலைப்பட்டியலைத் தொடாமலேயே வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். செலவு முழுக்க வெள்ளியில் இருக்கும் ஆள், முடிந்தால் வெள்ளியில் விலை பேசுவது நல்லது. மறுத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்தலாம் என்றாவது எழுதி வாங்குங்கள். வாங்கும் வழியையும் பாருங்கள்: வங்கி டிடி-யில் (டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர்) நடுவே நிற்கும் வங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். சிறு தொகைகளுக்கு வைஸ் போன்ற ஆன்லைன் பணமாற்றுச் சேவைகள் மேல்.

இவ்வளவு சொன்னாலும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. வேலை எழுத்தில் வரும். எந்த ரேக், எந்த யூ (ரேக்கில் எத்தனையாவது தட்டு), எந்தப் போர்ட், எந்தக் கேபிள் எங்கே போக வேண்டும், முடிந்ததும் எந்தெந்தக் கோணத்தில் படம் என்று பட்டியல் இருக்கும். அதன்படி செய்து படத்தோடு கொடுத்தால் 'அதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்' என்ற பேச்சு குறைவு.

உள்ளூர் இன்டக்ரேட்டர்களிடம் கதை நேர்மாறு. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், பூச்சோங் பக்கம் சிறியதும் பெரியதுமாக நிறைய இருக்கிறார்கள். நாள் கூலி குறைவாகத்தான் சொல்வார்கள். ஆனால் வேலை ஒரே நாளில் முடியாது: ஒரு கிளை முழுக்கக் கணினி மாற்றுவது, ஒரு மாடியைக் காலி செய்து இன்னொரு மாடிக்குப் போவது என்று இரண்டு வாரம் தொடரும். 14 நாள் என்று நாம் போட்ட கணக்கு 18 ஆகும். 400 வெள்ளிக்கு 18 நாள் என்றால் 7,200. ஆக, நாள் விலை குறைவாக இருந்தும் மாதம் நிரம்புகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை; டாலர் விலையைப் பார்த்து இதை உதறிவிடுகிறார்கள்.

அவர்களிடம் உள்ள தொல்லை பணம் வருவதில்தான். எனக்கும் ஒருமுறை நடந்தது. பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ, எழுத்தில் தரும் வேலை உத்தரவு) இல்லாமல் வாட்சாப்பில் வேலை கொடுத்தது. பிறகு கணக்குப் பிரிவு 'பிஓ எண் இல்லாத பில்லை ஏற்கமாட்டோம்' என்று திருப்பி அனுப்பியது. வேலை கொடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலான பாக்கி ஏமாற்றுவதால் வருவதில்லை. காகிதம் இல்லாததால் வருகிறது. உள்ளூரில் ஒரு வசதி, அலுவலகத்துக்கு நேரே போய் நின்று கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் பதில் போடாவிட்டால் அதோடு சரி.

ஆன்லைன் தளங்களும் ரெசிடென்ட் வேலையும்

மூன்றாவது வழி, ஃபீல்டு எஞ்சினியர், அப்வொர்க் போன்ற தளங்களில் பெயர் பதிந்து டிக்கெட் எடுப்பது. இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் சில வேலைகளுக்கும் நற்பெயருக்கும் நல்ல வாசல். அங்கேயே குடியிருந்தால் விலையை உங்கள் பக்கத்து ஆள் தீர்மானிப்பார். தளத்தின் வழியே வந்த வாடிக்கையாளரை வெளியே கூட்டிப்போகக்கூடாது என்று விதி இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நான்காவது, ஏஜென்சி மூலம் ஒரு வங்கியிலோ தொழிற்சாலையிலோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று ரெசிடென்ட் எஞ்சினியராக உட்காருவது. பணம் ஒழுங்காக வரும். ஆனால் இது தொழில் இல்லை, விடுப்பில்லாத வேலை. கையில் சேமிப்பில்லாதவர் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கோலாலம்பூர் ஆளும் பினாங்கு ஆளும் ஒன்றல்ல

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் கோலாலம்பூர்க் கணக்கு. பினாங்கில் இருப்பவருக்கு இதில் பாதி தலைகீழாகும்.

கோலாலம்பூரில் டிக்கெட்டுகள் அதிகம். டிஆர்எக்ஸ், பங்சார் சவுத், மிட்வேலி என்று அலுவலகக் கட்டடங்கள். சைபர்ஜெயாவில் டேட்டா சென்டர்கள். ஆட்களும் அதே அளவு அதிகம். நீங்கள் வேண்டாம் என்றால் அடுத்த அரை மணி நேரத்தில் இன்னொருவர் கிடைப்பார். உதிரிப் பொருள் தேவைப்பட்டால் லோயாட் கணினிக் கடைவளாகத்துக்கு ஓடலாம் என்பது ஒரு வசதி.

பினாங்கில் வேலை எண்ணிக்கை குறைவு. ஆனால் ஒரு நிறுவனம் கோலாலம்பூரில் இருந்து ஆள் அனுப்புவதென்றால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், போக நான்கு மணி நேரத்துக்கு மேல், டோல், பெட்ரோல், பல சமயம் ஒரு இரவு ஹோட்டல். அந்தச் செலவுதான் உங்கள் விலைக்கு இடம் தருகிறது. அவர்கள் செலவிடப்போவதில் பாதியை நீங்கள் கூடுதலாகக் கேட்டாலும் அவர்களுக்கு லாபமே. பேரம் பேசும்போது இதை வாய்விட்டுச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம். தீவில் இருந்துகொண்டு பிறை, பத்து காவான், பக்கத்து மாநிலத்துக் கூலிம் ஹைடெக் பார்க் வரை ஒரே ஆளாகக் கவனிக்கலாம். கருவிப் பை மட்டும் போதும் என்ற நாளில் மோட்டார் சைக்கிளில் போனால் இரண்டு பாலத்திலும் டோல் இல்லை.

வேலையின் தன்மையும் வேறு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் உருவாகி, அதே ஆண்டு இன்டெல் வந்து இறங்கியதில் இருந்து பினாங்கு தொழிற்சாலை ஊர். தொழிற்சாலை நெட்வொர்க்கை வேலை நாளில் தொட விடமாட்டார்கள். ஞாயிறு இரவு, பெருநாள் மூடல் என்று ஒரு சின்ன ஜன்னல்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் காவலர் அறையில் என்ன நடக்கிறது பாருங்கள்: கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மடிக்கணினியின் சீரியல் நம்பரைப் படிவத்தில் எழுதச் சொல்வார்கள், ஹாட்ஸ்பாட் கூடாது என்பார்கள். வேலைப் பட்டியலிலோ, 'முன்னும் பின்னும் ரேக் படம் அனுப்பவும், ஹாட்ஸ்பாட் வழியாக எங்கள் எஞ்சினியருக்கு ரிமோட் கொடுக்கவும்' என்றிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தவர் யாருமே இருக்கமாட்டார்கள். உள்ளே போய் கன்சோலைத் திறந்தால் திரையில் வெறும் குப்பை எழுத்து. சிஸ்கோ ஸ்விட்ச் என்று நினைத்துக் கன்சோல் வேகத்தை 9600-இல் வைத்திருப்பீர்கள், இருப்பதோ 115200 கேட்கும் அரூபா சிஎக்ஸ் ஸ்விட்ச். இதைப் படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை, அந்தப் பக்கம் ஒருவர் 'ஸ்கிரீன் ஷேர் செய்யுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வேலையை ஏற்கும் முன்பே கேமரா, இணையம், நுழைவு அனுமதி மூன்றையும் எழுதிக் கேட்டுவிடுகிற ஆள்தான் பினாங்கில் திரும்பத் திரும்பக் கூப்பிடப்படுகிறார். கட்டுமானம் நடக்கும் வளாகம் என்றால் கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபி-யின் பச்சை அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ஆகவே கோலாலம்பூர் ஆளுக்கு என் தேர்வு: இரண்டு உள்ளூர் இன்டக்ரேட்டர்களை அடித்தளமாக வைத்துக்கொண்டு, முன்கூட்டியே தேதி குறிக்கப்பட்ட வெளிநாட்டு வேலைகளை மட்டும் மேலே சேர்த்துக்கொள்வது. பினாங்கு ஆளுக்கு நேர்மாறு: வெளிநாட்டு நிறுவனங்களிடமும், வடக்கில் ஆளில்லாத கோலாலம்பூர் நிறுவனங்களிடமும் நேரடியாக, நல்ல விலைக்கு. இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்று, நான்கு மணி நேர எஸ்எல்ஏ. அழைப்பு வந்து நான்கு மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தைத் தனியாள் எடுக்கவே கூடாது. அந்த மாதம் முழுக்க ஈப்போவுக்குக்கூடப் போக முடியாது, காய்ச்சல் வந்தால் அபராதம். உங்களைப் போலவே வேலை தெரிந்த ஒருவரோடு மாற்றாளாக ஏற்பாடு செய்துகொண்டு, தயாராக இருப்பதற்கே மாதக் கட்டணம் தந்தால் மட்டும் பார்க்கலாம்.

இனி அந்த என்டர்பிரைஸ் கேள்வி

நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் என்டர்பிரைஸ் பதிவு சுலபம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். செண்டிரியான் பெர்ஹாட் என்றால் பதிவுக்கு மட்டும் 1,000 வெள்ளி. 2016 நிறுவனச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆளே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். ஆனால் 30 நாளுக்குள் கம்பெனி செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் பிஎல்டி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) இருக்கிறது, 500 வெள்ளி, ஆனால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

வரியைப் பார்த்தால், வரிக்குரிய வருமானம் 1 லட்சம் வெள்ளி உள்ள தனிநபருக்கு வரி 9,400. அதே லாபம் சிறு நிறுவனத்தில் அப்படியே நின்றால் 15 விழுக்காடு, அதாவது 15,000. ஆக, தனியாள் அளவில் வரிக்காக நிறுவனம் தொடங்க அவசியமில்லை. 1 லட்சத்துக்கு மேல் போனால் தனிநபரின் அடுத்த படி 25 விழுக்காடு. அப்போது ஒரு கணக்காளரோடு உட்காருங்கள். என்டர்பிரைஸின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில்: அங்கே கடனுக்கும் நஷ்டஈட்டுக்கும் எல்லை கிடையாது. டேட்டா சென்டரில் தவறான பவர் கேபிளைப் பிடுங்கினால் உங்கள் காரும் வீடும் அந்தக் கணக்கில் வரும். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி எடுத்தால் இந்தப் பயம் குறையும். வெளிநாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்பதும் உண்டு. முதல் இரண்டு ஆண்டு என்டர்பிரைஸும் காப்புறுதியும், ஆள் வைக்கும் நாளில் செண்டிரியான் பெர்ஹாட் என்பது என் கட்சி. தொழிற்சாலை நிறுவனப் பதிவு இல்லாமல் உள்ளே விடாது என்றால் மட்டும் முன்னதாகப் போகலாம்.

இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கும் இந்தியத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. என்டர்பிரைஸ் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பாஸ் உங்கள் முதலாளியோடு கட்டப்பட்டது. வாரக் கடைசியில் செய்யும் உபரி வேலை என்றாலும் அது சிக்கல்தான்.

பதிவு முடிந்ததும் பெர்கேசோவின் (சொக்சோவின் இன்னொரு பெயர்) சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். குறைந்த தவணை ஆண்டுக்கு 157.20 வெள்ளி, ஏணியில் இருந்து விழுந்தவருக்கு அதன் அருமை தெரியும். ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே பணம் போடலாம், அரசும் கொஞ்சம் சேர்க்கும். வருமான வரிக்கு இனி சம்பளக்காரரின் பிஇ படிவம் இல்லை, தொழில் செய்பவரின் பி படிவம். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். முதல் கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் ஸ்பூமி கடன் நம் இந்தியச் சமூகத்துக்கென்றே இருக்கிறது. ஆனால் கருவி வாங்க மட்டும் எடுங்கள். வராத பில்லுக்கு முட்டுக்கொடுக்க எடுத்தால் மீள்வது கஷ்டம். அதற்கு நான்கு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும். 60 நாள் தவணை என்பது வழக்கமாக 60 நாளில் முடிவதில்லை.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த முடிவைத் தள்ளிப் போடுவதே மேல். சுயதொழில்காரரிடம் வங்கிகள் எஸ்எஸ்எம் பதிவு, பி படிவம், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் கேட்கும். புதிதாகத் தொடங்கியவரிடம் அவை இருக்காது. குறைந்தது இரண்டு ஆண்டுக் கணக்காவது சேர்ந்த பிறகு கடனுக்குப் போங்கள். வரியைக் குறைக்க வருமானத்தைச் சுருக்கிக் காட்டியவர் அந்த மேசையில் பெரிய கடன் கேட்கவும் முடியாது.